ஆறாவது ரொட்டித் துண்டு

“அப்பா! அம்மா! ஓடி வாங்க! சீக்கிரம் ஓடி வாங்க!”

வீட்டைக் கிழித்த அந்தக் கூச்சலில் மெக்கானிக்கின் கையிலிருந்த சவரக் கத்தி ஒரு நூல் தடம் மாறியது. ஒரு கன்னத்தில் நுரையும் முகவாயில் ரத்தக் கோடுமாக அவர் முன்னறைக்கு ஓடி வந்தார். சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு வந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், தையல் மெஷினுக்கு முன்னால் பூதக்கண்ணாடியும் கையுமாக நின்றாள்.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமே ஆகலப்பா! அதுதான் விஷயமே. வீடு முழுக்க வெச்ச துண்டுல எல்லாம் பூசணம் பிடிச்சிடுச்சு. மெஷின் பக்கத்துல இருக்கிற ஆறாவது துண்டுல மட்டும் ஒரு பொட்டு கூட இல்ல!”

மனைவி கண்ணாடி மூடிக்கு மேல் குனிந்து பார்த்தாள். “அட, ஆமாங்க. இப்பத்தான் வாங்கின மாதிரி இருக்கு.”

மெக்கானிக் மூடிக்குப் பக்கத்தில் வரவில்லை. அந்தத் துண்டு இப்போதுதான் வாங்கியது இல்லை. ஆனால் மற்ற ஐந்தோடு சேர்த்து வாங்கியதும் இல்லை. இது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். மெக்கானிக் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். சமையலறையில் எறும்புத் தொல்லை என்பதால், கணவனுக்கென்று எடுத்து வைக்கும் எதையும் அவள் தன் தையல் மேசையின் ஓரத்தில் கண்ணாடி மூடி போட்டு வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்கம். மெஷின் பக்கத்தில் மூடியிருந்தால் அது தனக்கு. இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போய் மூடியைத் தூக்கும்.

மூன்று நாளைக்கு முன் பகலில் வேலை சீக்கிரம் முடிந்து, புது ரொட்டிப் பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். மெஷின் பக்கத்தில் மூடி. மூடிக்குள் ஒரு துண்டு ரொட்டி. கொஞ்சம் காய்ந்திருந்தது. ஜாம் தடவினால் தெரியாது என்று தடவினார். தெரியவில்லை.

கடைசி வாயை விழுங்கி விரலை நக்கும்போதுதான் மூடியின் மேல் ஒட்டியிருந்த ‘6’ கண்ணில் பட்டது. ஜன்னலில் ஒரு மூடி, ‘3’. புத்தக அலமாரியில் ஒரு மூடி, ‘4’. ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் மகள் ஏதோ ஆய்வு, போட்டி, பூசணம் என்று விளக்கியதும், தான் தட்டைப் பார்த்து “ம்... ம்...” என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போது நினைவுக்கு வந்தன. புதுப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து மூடிக்குள் வைத்தார். சாயங்காலம் சொல்லிவிடலாம்.

சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து எழுதினாள். ஆறாவது துண்டை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘மாற்றம் இல்லை. சற்று மென்மையாகியுள்ளது’ என்று குறித்தாள். அந்த ‘சற்று மென்மை’ மெக்கானிக்கின் நெஞ்சில் ஊசி போல இறங்கியது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். எப்படியும் இதிலும் பூசணம் பிடித்துவிடும், எல்லாம் சமமாகிவிடும் என்று ஒரு கணக்கு. பூசணத்தை நம்பினார். பூசணம் தாமதித்துவிட்டது.

“நான் சாருக்கு போன் பண்றேன்!” என்று மகள் ஓடினாள்.

மெக்கானிக் வாயைத் திறந்தார்.

“முதல்ல முகத்தைத் துடைங்க,” என்றாள் மனைவி. “வாயெல்லாம் நுரை.”

*

மாணவர் அறிவியல் ஆய்வுக் கட்டுரைப் பேரவை ஆண்டுதோறும் நடத்தும் போட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மாணவர்களிடம் சுய சிந்தனையை வளர்ப்பது பேரவையின் நோக்கம். சிந்தனை எந்த எழுத்துருவில், எவ்வளவு ஓரம் விட்டு, எத்தனை அத்தியாயங்களில் வளர வேண்டும் என்பதை அது ஒரு கையேடாகவே வெளியிட்டிருந்தது. கையேடு அறிவியல் பாடப்புத்தகத்தைவிடத் தடிமன். ஆய்வு முடிவு முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடுவர்களுக்கு இரண்டாம் பக்கத்துக்கு நேரம் இருக்காது. முடிவு ‘கூடியது’, ‘குறைந்தது’, ‘நின்றது’ என்ற மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘வித்தியாசம் ஏதும் தெரியவில்லை’ என்று எழுத இடம் கிடையாது.

அதனால்தான், ‘ரொட்டியை வீட்டில் எங்கே வைத்தாலும் பூசணம் பிடிக்கிறது’ என்று மகள் முடித்துவிடுவாளோ என்று அறிவியல் ஆசிரியர் பயந்துகொண்டிருந்தார். போனில் செய்தி கேட்டதும் அவர் குரல் தழுதழுத்தது.

“இன்னும் ரெண்டு நாள் வெச்சுப் பாக்கட்டுமா சார்?” என்று கேட்டாள் மகள்.

“வேண்டாம்மா. முடிவு வந்த பிறகும் பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குப் பேர் ஆய்வு இல்ல, பேராசை. எல்லாத்தையும் எடுத்துக் குப்பையில போட்டுடு.”

ஆறு துண்டுகளும் குப்பைக்குப் போயின. அதைப் பார்த்து மெக்கானிக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததை நினைத்து வெட்கமும் வந்தது. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார்.

ஆசிரியர் ஓய்வறையில் அறிவியல் ஆசிரியர் ஒரு கட்டுரையின் ஓரத்தை ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார்.

“வாங்க சார்! பொண்ணைப் பெத்திருக்கீங்களே, தங்கம்!”

“சார், அந்த ஆறாவது துண்டு விஷயமா ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அதை நான் சாப்பிட்டுட்டேன் சார்.”

ஆசிரியர் ஸ்கேலைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“முழுசாவா?”

“முழுசா. ஜாம் தடவி.”

“அப்போ குழந்தை பாத்த துண்டு?”

“நான் மாத்தி வெச்சது.”

ஆசிரியர் கண்ணை மூடி யோசித்தார். “மாத்தி வெச்ச துண்டுல பூசணம் இருந்துச்சா?”

“இல்ல சார். அது புதுசுல்ல.”

“இல்லைங்கிறீங்கள்ல? முடிஞ்சுது. நம்ம ஆய்வு மேசை மேல இருக்கிற துண்டைப் பத்தினது. உங்க வயித்துக்குள்ள இருக்கிற துண்டு நம்ம எல்லைக்குள்ள வரல.”

“அது தப்பில்லையா சார்?”

“சார், நான் எட்டு வருஷமா நெறியாளரா இருக்கேன். எட்டு வருஷமும் ‘பங்கேற்றமைக்கு நன்றி’ன்னு ஒரு அட்டை வந்திருக்கு, அவ்வளவுதான். போன வருஷம் ஒரு பையன் எறும்புக்குச் சர்க்கரை பிடிக்கும்னு ஒரு மாசம் உக்காந்து நிரூபிச்சான். ‘இது எறும்புகளுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த வலி உங்களுக்குத் தெரியுமா?”

“அப்போ பாப்பாகிட்டயாவது சொல்லிடறேன் சார்.”

“தாராளமா சொல்லுங்க. அப்பாவும் பொண்ணும் ஒளிவுமறைவு இல்லாம இருக்கணும். போட்டி முடிஞ்சதும் சொல்லுங்க.”

மெக்கானிக் பள்ளி வாசலைத் தாண்டும்போது ஒன்றை உணர்ந்தார். சொல்லாதே என்று இன்னொருவர் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

*

கட்டுரை எழுதும் வேலை தொடங்கியது. ‘என் வீட்டில் ரொட்டி எங்கே கெடுகிறது?’ என்று மகள் தலைப்பு வைத்திருந்தாள். ஆசிரியர் அதை, ‘தையல் இயந்திர அண்மைச் சூழலில் கோதுமைசார் உணவுப் பரப்புகளின் பூஞ்சை எதிர்ப்புத் திறன்: ஒரு முன்னோடி நோக்கு’ என்று திருத்தினார். படித்த நூல்களின் பட்டியலில் நாற்பது வேண்டும் என்பது விதி. மகள் படித்தது இரண்டு. மீதி முப்பத்தெட்டைப் பள்ளியின் நிரந்தரப் பட்டியலிலிருந்து ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். அதில் திமிங்கிலம் பற்றி நான்கும் எரிமலை பற்றி ஒன்றும் இருந்தன.

“எரிமலைக்கும் பூசணத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று மகள் கேட்டாள்.

“ரெண்டும் மேல வருதா இல்லையா?”

நன்றியுரை இரண்டு பக்கம் வந்தது. பேரவைத் தலைவர், துணைத் தலைவர்கள், செயலர், செயலரின் உதவியாளர், கையேட்டை அச்சடித்தவர் வரை எல்லாரும் அதில் இருந்தார்கள். கடைசி வரி மட்டும் மகளுடையது. தட்டச்சுப் பிழை பார்க்கச் சொல்லி அவள் கொடுத்தபோது மெக்கானிக் அதைப் படித்தார்.

‘ஆய்வு நடந்த நாட்கள் முழுவதும் எதையும் தொடாமல் ஒத்துழைத்த என் அப்பாவுக்கு நன்றி.’

“ஏன்ப்பா, தப்பு இருக்கா?”

“இல்ல கண்ணு. எல்லாம் சரியா இருக்கு,” என்றார். அன்றிலிருந்து அவர் ஜாம் பாட்டிலைத் தொடவில்லை.

முதல் சுற்றில் கட்டுரை தேர்வானது. நடுவரின் குறிப்பு ஒரே வரி: ‘ஓரங்கள் மிகச் சிறப்பு.’

இரண்டாம் சுற்றுக்கு நேரடி ஆய்வு. பேரவைச் செயலரும், இருபது வருடமாகக் கட்டுரைகளின் ஓரத்தை மட்டும் அளந்து பெயர் பெற்ற ஒரு நடுவரும் வீட்டுக்கு வந்தார்கள். கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாததால் ஐந்து மாடி ஏறி வந்த செயலர், மூச்சு வாங்கிக்கொண்டே, “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று மெக்கானிக்கைக் கேட்டார். மெக்கானிக் சொன்னார். செயலர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஓர நடுவர் தன் பழக்கப்படி அறையின் நாலு ஓரங்களையும் அளந்தார். பிறகு செயலர் அறிவித்தார்:

“இதே இடத்துல ஒரு வாரம் மறுபடியும் சோதனை நடக்கணும். யாரும் தில்லுமுல்லு பண்ணிடக் கூடாது. அதனால முத்திரை வைக்கிறோம்.”

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. முத்திரை வைத்துவிட்டால் ரொட்டி தானாகக் கெடும். தான் வாயைத் திறக்காமலே பூசணம் தனக்காக உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் செயலர் அரக்கும் பட்டையும் எடுத்துத் தையல் மெஷினுக்கு முத்திரை வைத்தார். சக்கரத்துக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, பெடலுக்கு ஒன்று. புது ரொட்டித் துண்டை ஒரு தட்டில் வைத்து வழக்கமான கண்ணாடி மூடியால் மூடினார்.

“சார், ரொட்டிக்கு முத்திரை?” என்று மெக்கானிக் கேட்டுவிட்டார்.

செயலர் சிரித்தார். “ரொட்டியை யாருங்க தொடப் போறாங்க?”

மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

“ஏங்க, பள்ளிக்கூடத் துணி முப்பது தைக்கணும், கையில இருக்கிற வேலை அப்படியே கிடக்கு,” என்று மனைவி கொதித்தாள். “ரொட்டி தேமேன்னு உக்காந்திருக்கு, என் பொழப்புக்குப் பூட்டு!”

இரண்டாம் நாள் பேரவையில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஓடாத தையல் மெஷினைத் தையல் மெஷின் என்று சொல்லலாமா, மேசை என்றுதான் சொல்ல வேண்டுமா என்று ஒரு துணைத் தலைவர் கேட்டார். முத்திரை நீக்கப்பட்டது. தினமும் இரண்டு மணி நேரம் மெஷின் ஓட வேண்டும், ஆனால் துணி இருக்கக் கூடாது, துணி ஒரு கூடுதல் காரணி என்று உத்தரவு வந்தது. நூலும் கூடாது.

“துணியும் இல்லாம நூலும் இல்லாம எதைத் தைக்கிறது? காத்தையா?”

“ஆமாம்மா,” என்றார் செயலர். “அதுதான் தூய நிலை.”

மனைவி தினமும் இரண்டு மணி நேரம் காற்றைத் தைத்தாள். மெக்கானிக் அந்த ஒரு வாரமும் மேசைக்கு ஓர் எட்டு தள்ளியே நடந்தார். காலையில் எழுந்ததும் ஆசையோடு வந்து மூடியைப் பார்ப்பார். ஒரு பச்சைப் புள்ளி, ஒரு சாம்பல் இழை, ஏதாவது. ரொட்டி வெள்ளையாகச் சிரிக்கும். கடைசி நாளிலும் சிரித்தது.

மெக்கானிக் அரண்டுபோனார். அவர் தொடவில்லை. அப்படியானால்?

மனிதன் தன்னை மன்னித்துக்கொள்ள ஒரு சின்னச் சந்து கிடைத்தால் போதும், அதில் குடும்பத்தோடு குடியேறிவிடுவான். ஒருவேளை தையல் மெஷினில் நிஜமாகவே ஏதோ இருக்கிறதோ? தான் தின்ற துண்டும் கெடாமல்தான் இருந்திருக்குமோ? யோசித்துப் பார்த்தால் அது நன்றாகத்தானே இருந்தது! ஒரு வாரத்துக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார். வேலைக்குப் போன இடத்தில் தன் மதியச் சாப்பாட்டை லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உறுதிப்படுத்திக்கொள்ள, யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு ரொட்டியை மெஷின் மேசையின் இழுப்பறைக்குள்ளும் வைத்தார்.

சில நாள் கழித்து இரண்டாவது கூச்சல் கேட்டது. இந்த முறை மனைவி.

“ஐயோ, நூல்கண்டுன்னு கையில எடுத்தேன்! இதுக்கு முடி முளைச்சிருக்குங்க!”

பச்சையாக, பஞ்சு போல, உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தது. மெக்கானிக் அதைத் தாளில் சுருட்டிக்கொண்டு நேராக ஆசிரியரிடம் போனார்.

“சார், நீங்கதானே மாத்தி வெச்சீங்க? மேற்பார்வைக்குன்னு அந்த வாரம் தினமும் வீட்டுக்கு வந்தீங்களே.”

ஆசிரியர் நிஜமாகவே புண்பட்டார். “அந்த ரொட்டியை நான் இன்னிக்கு வரைக்கும் கண்ணால பாத்ததில்ல சார். வருவேன், கட்டுரையை வாங்கிப் பாப்பேன், போயிடுவேன். நெறியாளர் ரொட்டியைப் பாத்தா பாரபட்சம் வந்துடும்.”

மனைவியைக் கேட்டார். “எனக்கு வேற வேலை இல்ல பாருங்க,” என்றாள் அவள். “அந்த ரொட்டி மேல எனக்கு இருக்கிற கோவத்துக்குப் பூசணம் பிடிச்சா கைதட்டியிருப்பேன்.”

மகளைக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் முதல் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். அவளும் இப்போதெல்லாம் முன்போலப் பேசுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் போட்டி எப்படிப் போகிறது என்று அவர் கேட்டால், தட்டைப் பார்த்து “ம்... ம்...” என்பாள். இறுதிச் சுற்று பயம் என்று நினைத்தார்.

*

பொறுக்க முடியாமல் பேரவை அலுவலகத்துக்கே போனார். செயலர் மேசைக்குப் பின்னால் கோப்பைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் பேரவை தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவை.

“முதல் சோதனையில ரொட்டியை நான் தின்னுட்டேன் சார். முடிவு பொய். இப்பவும் யாரோ மாத்தறாங்க. கட்டுரையை நிறுத்திடுங்க.”

செயலர் பேனாவை எடுத்தார். “தின்னது கட்டுரையைப் பதிவு பண்றதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னால.”

“அப்போ அது ஆயத்த நிலை. ஆயத்த நிலை பத்தின ஆட்சேபம் ஆயத்த நிலை தொடங்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்.”

“தின்னாதானே சார் ஆட்சேபம் சொல்ல முடியும்?”

“அது உங்க வசதி. விதி அப்படி இல்ல. சரி, நீங்க போட்டியாளருக்கு என்ன உறவு?”

“அப்பா.”

செயலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். கண்கள் கலங்கின.

“சார், இருபத்தஞ்சு வருஷத்துல எத்தனை பெத்தவங்க இந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க தெரியுமா? எல்லாரும் ‘என் பிள்ளைக்குப் பரிசு குடு, பக்கத்து வீட்டுப் பிள்ளை திருடிட்டான்’னுதான் வருவாங்க. சொந்தப் பிள்ளைக்குப் பரிசு வேண்டாம்னு வந்த முதல் ஆள் நீங்கதான். இதுக்குப் பேர் புகார் இல்ல சார், தன்னடக்கம். இதுக்குன்னே எங்ககிட்ட ஒரு பதக்கம் இருக்கு. இதுவரைக்கும் வாங்க ஆளே கிடைக்கல.”

உண்மையைச் சொல்லப் போன மெக்கானிக், அந்த ஆண்டின் தன்னடக்கப் பெற்றோர் என்று அறிவிக்கப்பட்டுத் திரும்பி வந்தார்.

*

இறுதிச் சுற்று மூன்று நாள் கண்காட்சியோடு ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. தையல் மெஷினை ஐந்து மாடி இறக்கி, வேனில் ஏற்றி, மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதன் மேல் மூடியும் ரொட்டியும். மகள் காலையிலிருந்து இரவு வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. மெலிந்திருந்தாள். மெக்கானிக் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். தான் பார்க்க முடியாத முகத்தை அவளும் பார்க்காததில் அவருக்கு ஒரு வகையில் நன்றிதான்.

மூன்றாம் நாள் மாலை ரொட்டி வெண்மை மாறாமல் இருந்தது. பேரவைத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“அன்பர்களே! வெளியே அறிவியல் என்ற பெயரில் என்ன நடக்கிறது? நூறு சோதனை செய்தால் தொண்ணூறு தோற்கிறது என்கிறார்கள். வெட்கக்கேடு! நம் பேரவையின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றில் ஒரே ஒரு சோதனைகூடத் தோற்றதில்லை!” கைதட்டல். “இந்தச் சிறுமியின் கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை. படித்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்பதால் நான் எந்தக் கட்டுரையையும் படிப்பதில்லை. ஆனாலும் இந்தக் கண்டுபிடிப்புக்கு ‘தலைவர் விளைவு’ என்று பெயர் வைக்கும்படி நானே என்னை மிகவும் வற்புறுத்த வேண்டியிருந்தது.” பலத்த கைதட்டல். “முதல் பரிசோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். அடுத்த மாதம் முதல் நம் பேரவையோடு இணைந்த அத்தனை மாணவர் விடுதிகளின் உணவுக் கிடங்கிலும் குளிர்பெட்டியை அகற்றிவிட்டு ஒரு தையல் மெஷின் வைக்கப்படும்!”

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை மெக்கானிக் பார்த்தார். விடுதிகள். ஆயிரம் பிள்ளைகள். பச்சையாக முடி முளைத்த ரொட்டி. அவருடைய வயிற்றுக்குள் அந்த ஆறாவது துண்டு புரண்டு படுத்தது.

“அடுத்து, தன்னடக்கப் பெற்றோர்!”

மேடை ஏறினார். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“ஐயா, தயவுசெஞ்சு கேளுங்க. இது பொய். அந்த ரொட்டியை நான் தின்னுட்டேன். பசிச்சுது, தின்னுட்டேன். அப்புறம் புதுசு வெச்சேன். மெஷினுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. விடுதியில வெக்காதீங்க. பிள்ளைங்க வயிறு கெட்டுடும்.”

பிறகு முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை பரவிக் கைதட்டலாக மாறியது.

“பார்த்தீர்களா!” என்று தலைவர் கண்ணைத் துடைத்தார். “மகளின் புகழ் தன்மேல் ஒட்டிவிடக் கூடாதென்று எப்படியெல்லாம் பேசுகிறார்! இன்னொன்றையும் கவனியுங்கள். ஆய்வுக்கு வைத்த ரொட்டியை விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் தானே உண்டு பார்த்திருக்கிறார். உயிரோடும் இருக்கிறார். செயலரே, இதையும் கட்டுரையில் பத்தாவது அத்தியாயமாகச் சேர்த்துவிடுங்கள்.”

“ஓரம் போதுமான்னு பாத்துடறேன்,” என்றார் ஓர நடுவர்.

மெக்கானிக்கை அணைத்து, பூச்செண்டு கொடுத்து, மெல்ல இறக்கிவிட்டார்கள். இத்தனை நாள் தொண்டையில் சிக்கியிருந்த உண்மையை ஆயிரம் பேர் முன்னால் சொல்லிவிட்டார். ஒருவர்கூட அதை எடுத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

மகள் மேடைக்குப் பின்னால் இருந்தாள். திரும்ப எடுத்துப் போவதற்காகத் தையல் மெஷினை அங்கே தள்ளி வைத்திருந்தார்கள். கோப்பை தரையில் கிடந்தது. மற்ற எல்லாரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அப்பா. மேடையில சொன்னீங்களே, அது விளையாட்டுக்குத்தானே?”

“இல்லம்மா. நிஜம்.”

“எந்தத் துண்டு?”

“முதல்ல நம்ம வீட்டுல வெச்சியே, அந்த ஆறாவது துண்டு.” பதக்கம் கனத்தது. கழற்றிப் பூச்செண்டோடு கீழே வைத்தார். “அம்மா எனக்கு மூடி வெச்சதுன்னு நினைச்சு ஜாம் தடவித் தின்னுட்டேன் கண்ணு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ ஓடி வாங்கன்னு கூப்பிட்டப்பவாவது சொல்லியிருக்கணும். உன் முகத்தைப் பாத்ததும் வாய் வரல. நன்றின்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சப்போ செத்துடலாம் போல இருந்துச்சு. ஆனா சத்தியமா அந்த ஒரு துண்டுதான்மா. அதுக்கப்புறம் வீட்டுல ஒரு வாரம் வெச்சது, இங்க வெச்சது, எதையும் நான் தொடவே இல்ல. அதையெல்லாம் எவன் மாத்தினான்னு எனக்குத் தெரியல.”

மகள் மெஷினைப் பிடித்துக்கொண்டு மெல்ல அதன் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் பேசியபோது குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

“முதல் துண்டு நிஜம்னு நம்பித்தானேப்பா, மத்ததையெல்லாம் நான் மாத்தினேன்.”